ஏ.சி.ஆர். நார்மல், கிரியாட்டினின் மட்டும் ஏறுகிறது: எந்த ரத்தப் பரிசோதனை முன்கூட்டிச் சொல்லும்?

கேள்வி: சர்க்கரை_கிளினிக்

பெண், 58 வயது, டைப் 2 சர்க்கரை வந்து 11 ஆண்டுகள். எடை 52 கிலோ, சைவ உணவு. பி.பி. 134/80, ஹெச்.பி.ஏ.1.சி 7.6. கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) மூன்று ஆண்டுகளுக்கு முன் 0.7, போன ஆண்டு 0.8, இப்போது 0.9 மி.கி./டெ.லி. 2021-ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரத்தில் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 102, 86, 74 என்று இறங்குகிறது. சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (ஏ.சி.ஆர்.) மூன்று முறையும் 30-க்குள்தான்: 18, 24, 22 மி.கி./கி. கண் ரெட்டினா சுத்தம். மருந்துகள்: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டான் 40, எட்டு மாதமாக டபாக்ளிஃப்ளோசின் 10.

லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 0.9 "நார்மல்" என்றே வருகிறது. நோயாளியின் மகன் இணையத்தில் படித்துவிட்டு, கிட்னி கெட்டுப்போகுமா என்பதை நாலைந்து வருடம் முன்பே சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, அதை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். கேள்விகள் மூன்று. இந்த இறக்கம் நிஜமா? சிஸ்டாட்டின் சி, டி.என்.எஃப். ரிசெப்டார், கிம்-1, ப்ரோமார்க்கர்-டி என்று பேசப்படுபவற்றில் இவருக்கு எது பயன்படும்? யூரிக் ஆசிட் 7.1 இருக்கிறது, அதைக் குறைத்தால் சிறுநீரகம் காப்பாற்றப்படுமா?

பதில் 1: பயோகெம்_மேசை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், டாக்டர். மற்றதெல்லாம் இதைத் தீர்த்த பிறகுதான்.

உங்கள் எண்கள் ஒரே ஒரு தசம இலக்கத்தில் இருக்கின்றன. இந்த வயதுப் பெண்ணுக்கு 0.8-லிருந்து 0.9 ஆனால் இ.ஜி.எஃப்.ஆர். 85-லிருந்து 74-க்குப் போய்விடும். அதாவது கடைசி இலக்கத்தில் ஒரு படி ஏறினால் சூத்திரம் 11 புள்ளியை விழுங்கிவிடுகிறது. இயந்திரம் 0.74 என்று தந்ததை 0.7 என்றும், 0.85 என்று தந்ததை 0.9 என்றும் அச்சிட்டிருக்கலாம். அப்படியானால் உண்மையான பயணம் 102-லிருந்து 74 அல்ல, 95-லிருந்து 79. ஆண்டுக்கு 9 என்று தெரிந்த இறக்கம் 5 ஆகிவிடும். அதுவும் வேகம்தான், ஆனால் வேறு கதை. லேப்பை அழைத்து அந்த மூன்று தேதிக்கும் இரண்டு தசம மதிப்பு கேளுங்கள். இயந்திரத்திலும் லேப் மென்பொருளிலும் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து, எந்த முறை. ஜாஃபே முறையில் (நிறமாற்றத்தை வைத்து அளக்கும் பழைய முறை) அளந்தால் கிரியாட்டினினோடு வேறு பொருள்களும் நிறம் காட்டும்: மிக அதிகமான குளுக்கோஸ், கீட்டோன், சில செஃபலோஸ்போரின் மருந்துகள் எல்லாம் மதிப்பை உயர்த்தும். மஞ்சள் காமாலையில் பிலிருபின் எதிர்த்திசையில் இழுக்கும். என்சைம் முறையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மதிப்பு 1-க்குக் கீழே இருக்கும் இடத்தில்தான் ஜாஃபேயின் தவறு விகிதத்தில் பெரிதாகத் தெரியும். நீங்கள் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். மூன்று ஆண்டுகளில் லேப் மாறியிருந்தாலோ, ஒரே லேப் ஜாஃபேயிலிருந்து என்சைமுக்கு மாறியிருந்தாலோ, நீங்கள் பார்க்கும் சரிவு வேதிப்பொருள் மாறியதால் வந்ததாகக்கூட இருக்கலாம்.

கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த ரத்தத்தை சீரம் பிரிக்காமல் மாலை வரை வைத்திருந்து அனுப்பினாலும் ஜாஃபேயில் மதிப்பு கூடும். முதல் நாள் இரவு கறி சாப்பிட்டிருந்தாலும் கூடும். இவர் சைவம் என்பதால் அது பொருந்தாது.

எவ்வளவு மாறினால் நிஜம்? ஒரே ஆளிடம் கிரியாட்டினின் நாளுக்கு நாள் 4 முதல் 5 சதவீதம் தானாகவே அசையும். இயந்திரத்தின் பங்கு 2 முதல் 3 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு அளவீடுகளுக்கு இடையே சுமார் 14 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் "மாறிவிட்டது" என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் 86-லிருந்து 74 சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. 102-லிருந்து 74 எல்லையைத் தாண்டுகிறது, முறை மாறாமல் இருந்திருந்தால். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டுதல் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் தேடச் சொல்கிறது.

ஏ.சி.ஆர். இன்னும் மோசமாக ஆடும். 18, 24, 22 மூன்றும் ஒரே எண்தான். அதில் ஏறியது இறங்கியது என்று எதையும் படிக்காதீர்கள். இரட்டிப்பானால் மட்டும் கவனியுங்கள். காலை முதல் சிறுநீரில் எடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

பதில் 2: குளோமெருலஸ்

பயோகெம் சார் சொன்னதற்கு முன்னாடி நான் கேட்க வேண்டியது: வேறு மாத்திரை எதுவும் இல்லையா? குறிப்பாக ட்ரைகிளிசரைடுக்கு ஃபீனோஃபைப்ரேட்? சர்க்கரை நோயாளிகளின் சீட்டில் அது இருந்துகொண்டே இருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியாட்டினினை 0.1 அளவுக்கு உயர்த்தும். ட்ரைமெத்தோப்ரிம், சிமெடிடின் இரண்டும் சிறுநீரகக் குழாயணுக்கள் கிரியாட்டினினை வெளியேற்றுவதைத் தடுத்து அதே வேலையைச் செய்யும். வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் பற்றித் தனியாகக் கேளுங்கள். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் அவற்றை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

டபாக்ளிஃப்ளோசின் எட்டு மாதம் என்கிறீர்கள். ஆரம்பித்த சில வாரங்களில் இ.ஜி.எஃப்.ஆர். சராசரியாக 3 முதல் 5 இறங்கும். அது வடிகட்டிக்குள் அழுத்தம் குறைவதால் வரும் இறக்கம், நாம் விரும்பி உண்டாக்குவது. 30 சதவீதம் வரை இறங்கினாலும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. சரிவைக் கணக்கிடும்போது மருந்து தொடங்கிய பிறகு எடுத்த எண்களைத் தனியாக வையுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து ஒரே கோடு போட்டால் மருந்தே நோய் மாதிரி தெரியும்.

இன்னொன்று: 102 என்ற தொடக்கமே சந்தேகத்துக்குரியது. 52 கிலோ, சைவம், தசை குறைவு. இப்படிப்பட்டவர்களிடம் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால் சூத்திரம் ஜி.எஃப்.ஆர்.-ஐக் கூட்டிக் காட்டும். நம் தெற்காசிய மக்களில் பொதுவாகவே இந்தப் பிரச்சினை உண்டு. அதனால்தான் பாகிஸ்தானில் அளந்து பார்த்து, சி.கே.டி.-எபி (2009) எண்ணை 1.059 அடுக்குக்கு உயர்த்தி 0.686-ஆல் பெருக்கும் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதை ரிப்போர்ட்டில் போடச் சொல்லவில்லை. திசை எது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியில் உள்ள பட்டியலில் இவருக்கு நான் எழுதுவது சிஸ்டாட்டின் சி ஒன்றைத்தான். உட்கரு உள்ள எல்லாச் செல்களும் ஏறக்குறைய சீராக உற்பத்தி செய்யும் சின்னப் புரதம், தசையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. இதே நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள், கிரியாட்டினின் 0.9. சிஸ்டாட்டின் 0.85 மி.கி./லி. வந்தால் சிஸ்டாட்டின் சூத்திரத்தில் இ.ஜி.எஃப்.ஆர். 91, இரண்டையும் சேர்த்த சூத்திரத்தில் 86. பயப்பட ஒன்றுமில்லை. அதுவே 1.15 வந்தால் சிஸ்டாட்டினில் 61, சேர்த்ததில் 68. இவ்வளவு தூரம் வித்தியாசப்படுகிற இரண்டு முடிவுகள், கிரியாட்டினின் ஒன்றே. சிஸ்டாட்டின் எண் கிரியாட்டினின் எண்ணைவிட நன்கு தாழ்ந்திருப்பவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதும் இதய நோயும் மரணமும் அதிகம் என்று பல பெரிய தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அது தன்னளவிலேயே ஒரு முன்னறிவிப்பு.

பொறிகள் இருக்கின்றன. தைராய்டு: குறைந்தால் சிஸ்டாட்டின் இறங்கும், கூடினால் ஏறும். ஆகவே டி.எஸ்.ஹெச். பார்க்காமல் படிக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை ஏற்றும். புகைபிடித்தல், பருமன், உடலில் அழற்சி எல்லாம் ஏற்றும். ஆகவே 100 கிலோ எடையுள்ள, சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு சிஸ்டாட்டின் கொஞ்சம் அதிகமாக வந்தால் உடனே சிறுநீரகத்தைக் குறை சொல்லாதீர்கள். ஒல்லியான இந்தப் பெண்மணிக்கோ அது கிரியாட்டினினைவிட நேர்மையான சாட்சி.

யூரிக் ஆசிட்: கௌட் (யூரிக் ஆசிட் படிந்து வரும் மூட்டுவலி) இல்லாதவரை சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டாம். 2020-இல் வந்த பெர்ல் ஆய்வு டைப் 1 நோயாளிகள் 530 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோப்யூரினால் கொடுத்து மூன்றாண்டு பார்த்தது. யூரிக் ஆசிட் நன்றாகவே குறைந்தது, ஜி.எஃப்.ஆர். இறக்கம் மாறவில்லை. அதே ஆண்டு சி.கே.டி.-ஃபிக்ஸ் ஆய்விலும் அதே முடிவு. யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெடுகிறது என்பது நிஜம். காரணம் அதுதான் என்பது நிரூபணமாகவில்லை.

பதில் 3: புள்ளி_விவரம்

டி.என்.எஃப். ரிசெப்டார் (அழற்சியோடு தொடர்புள்ள புரதம்) பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஏனென்றால் ரத்தப் பயோமார்க்கர்களில் மிக உறுதியான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. விளம்பரத்தில் வருவதையும் ஆய்வில் வந்ததையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் டயபிடிஸ் சென்டர் குழு 2012-இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது, ஒன்று டைப் 1, ஒன்று டைப் 2. டைப் 2 கட்டுரையில் 410 பேர். ரத்தத்தில் மிதக்கும் டி.என்.எஃப். ரிசெப்டார் 1 அளவில் மேல் கால் பகுதியில் இருந்தவர்களில் 12 ஆண்டுகளில் 54 சதவீதம் பேர் சிறுநீரகம் முழுதும் செயலிழக்கும் நிலைக்குப் போனார்கள். மீதி முக்கால் பகுதியில் 3 சதவீதம். ஆல்புமின், ஜி.எஃப்.ஆர். ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. அதன்பின் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. இப்படித் திரும்ப உறுதியாவது இந்தத் துறையில் அபூர்வம்.

அதே குழு 2019-இல் 194 அழற்சிப் புரதங்களை அளந்து, அவற்றில் 17 சேர்ந்த ஒரு கூட்டத்தை அடையாளம் கண்டது. அவற்றில் பல டி.என்.எஃப். ரிசெப்டார் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறுநீரகம் வடிகட்டாததால் இவை ரத்தத்தில் தேங்குகின்றனவா, அல்லது வேறெங்கோ உண்டாகி வந்து சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனவா என்பது முக்கியமான கேள்வி. ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்போதே அளவு உயர்ந்திருப்பதால் தேங்குவது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆனால் ஜி.எஃப்.ஆர். 50-க்குக் கீழ் இறங்கியவருக்கு அளந்தால் தேக்கமும் கலந்துதான் வரும். அங்கே அந்த எண்ணைத் தனியாக வைத்துப் பொருள் சொல்வது கடினம்.

கிம்-1 வேறு வகை. அது குழாயணு காயம்பட்டால் உதிரும் புரதம். சிறுநீரில் அளப்பது பழைய வழக்கம், பிளாஸ்மாவிலும் அளக்கலாம் என்று 2014-இல் காட்டினார்கள். டி.என்.எஃப். ரிசெப்டார் 1, 2, கிம்-1 மூன்றையும் நோயாளியின் பிற விவரங்களோடு சேர்த்து ஒரு மதிப்பெண் தருவதுதான் கிட்னி-இன்டெல்-எக்ஸ். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2023 ஜூனில் அனுமதி கொடுத்தது. யாருக்கு என்பதைக் கவனியுங்கள்: டைப் 2 சர்க்கரையோடு ஏற்கெனவே சிறுநீரக நோயும் இருப்பவர்களுக்கு, ஆரம்ப நிலையிலிருந்து 3பி நிலை (ஜி.எஃப்.ஆர். 30 முதல் 44) வரை. ஜி.எஃப்.ஆர். 74, ஏ.சி.ஆர். 22 உள்ள உங்கள் நோயாளி அந்த வாசலுக்குள்ளேயே வரமாட்டார்.

அவர் மகன் படித்தது ப்ரோமார்க்கர்-டி ஆக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் உருவானது, ஃப்ரீமான்டில் டயபிடிஸ் ஆய்வு நோயாளிகளின் ரத்தத்தை வைத்து. மூன்று புரதங்கள்: ஏபோ-ஏ4, சி.டி.5.எல்., ஐ.ஜி.எஃப்.பி.பி.3. அவற்றோடு வயது, ஹெச்.டி.எல்., இ.ஜி.எஃப்.ஆர். ஆகியவற்றைச் சேர்த்து நான்கு ஆண்டுக்குள் சிறுநீரகம் இறங்குமா என்று சொல்கிறது. இதை நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் போடலாம் என்பது அதன் பலம். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்குள் இ.ஜி.எஃப்.ஆர். இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பயோகெம் சார் சொன்ன ஒரு தசம இலக்கத் தவறு நேராக உள்ளே போய், "புரதச் சோதனை" என்ற பெயரில் வெளியே வரும்.

இப்போது எண்ணுக்கு வருவோம். உணர்திறன் 80 சதவீதம், துல்லியமாக விலக்கும் திறன் 80 சதவீதம் உள்ள ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். இதுவே நல்ல சோதனைதான். உங்கள் கிளினிக்கில் ஏ.சி.ஆர். நார்மலாக உள்ள 1000 பேருக்குப் போடுகிறீர்கள். அதில் 50 பேருக்குத்தான் வேகமாக இறங்கப்போகிறது எனில் 40 பேரைச் சோதனை பிடிக்கும். கூடவே இறங்காத 950 பேரில் 190 பேரையும் "ஆபத்து" என்று சொல்லும். பாசிட்டிவ் வந்த 230 பேரில் 40 பேர்தான் நிஜம், ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். அதே சோதனையை ஏ.சி.ஆர். உயர்ந்து, 1000-இல் 250 பேருக்கு இறங்கப்போகிற கூட்டத்துக்குப் போட்டால் பாசிட்டிவ் 350-இல் 200 பேர் நிஜம். சோதனை மாறவில்லை, யாருக்குப் போட்டோம் என்பதுதான் மாறியது. "85 சதவீதம் துல்லியம்" என்ற விளம்பரத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். புரதம் அளக்கும் முறைகள் பல. டி.என்.எஃப். ரிசெப்டாரை எலைசாவில் அளந்தால் ஒரு எண், லூமினெக்ஸில் இன்னொன்று, சோமாஸ்கேன் அல்லது ஓலிங்க் என்றால் பிகோகிராமே இல்லை, ஒப்பீட்டு அலகுதான். கிரியாட்டினினுக்கு இருப்பது மாதிரி பொதுத் தரக்கல் (எல்லா கிட்டும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளும் மாதிரி) இல்லை. ஒரு கட்டுரையின் மேல் கால் பகுதி எல்லையை எடுத்து இன்னொரு கிட்டில் வந்த எண்ணோடு ஒப்பிட்டால் அது வெறும் ஊகம். பல எலைசா கிட்டுகளின் பெட்டியிலேயே "ஆய்வுக்கு மட்டும்" என்று அச்சிட்டிருக்கும். வாங்கிப் போட்டு நோயாளிக்கு ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

பதில் 4: வடமத்தி

டொக்டர், ஏ.சி.ஆர். நார்மல், ஜி.எஃப்.ஆர். மட்டும் இறங்குது என்றால் நீரிழிவுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரெட்டினாவும் சுத்தம் என்கிறீர்கள். எங்கள் பக்கம், இலங்கையின் அநுராதபுரம், பொலன்னறுவையில், காரணம் தெரியாத சிறுநீரக நோய் குழாய்களையும் இடைத்திசுவையும்தான் முதலில் தாக்கும். ஆல்புமின் கடைசி வரை அவ்வளவாக வராது. அந்த நோயின் வரையறையே நீரிழிவு உள்ளவரை விலக்கிவிடுவதால், நீரிழிவும் வயல் வேலையும் சேர்ந்த ஆட்கள் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போகிறார்கள். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரி நோய் உண்டு. இந்த அம்மா வெயிலில் வேலை செய்பவரா? சிறுநீரில் ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் பார்க்க வசதியிருந்தால் பாருங்கள். அது குழாய்ச் சேதத்தைக் காட்டும், ஏ.சி.ஆர். காட்டாது. குறைந்தபட்சம் சிறுநீர் மைக்ரோஸ்கோப்பும், சிறுநீரக அளவு பார்க்க ஒரு ஸ்கேனும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் அளவு வித்தியாசப்பட்டால் ரத்தக்குழாய் அடைப்பையும் யோசிக்க வேண்டும்.

சர்க்கரை_கிளினிக்

எல்லோருக்கும் நன்றி. சீட்டைத் திரும்பப் பார்த்தேன். குளோமெருலஸ் சார் கேட்டது சரி: ஃபீனோஃபைப்ரேட் 145 மி.கி. பத்து மாதமாக ஓடுகிறது, வேறு டாக்டர் எழுதியது. ட்ரைகிளிசரைடு தொடங்கும்போது 310. வயல் வேலை இல்லை, வீட்டில்தான். லேப்: 0.7-உம் 0.8-உம் ஒரே இடம், 0.9 வேறு இடம். முறை கேட்டுச் சொல்கிறேன். டி.எஸ்.ஹெச். நார்மல்.

புள்ளி_விவரம் மேடம், ஒரு சந்தேகம். சிறுநீரில் பெப்டைட் (புரதத் துண்டுகள்) பார்த்து முன்கூட்டிச் சொல்கிற சோதனை ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறதே? அது இப்படி ஏ.சி.ஆர். நார்மல் ஆட்களுக்குத்தானே?

பதில் 5: புள்ளி_விவரம்

சி.கே.டி.273. ஆமாம், அதுவும் ஏ.சி.ஆர். நார்மலாக உள்ள டைப் 2 நோயாளிகளுக்குத்தான். ப்ரையாரிட்டி ஆய்வு, 2020: மொத்தம் 1775 பேர், அதில் ஆபத்துப் பிரிவில் வந்தது 216. அவர்களில் 28 சதவீதம் பேருக்கு மைக்ரோஆல்புமின் (ஏ.சி.ஆர். 30-ஐத் தாண்டுவது) வந்தது, மற்றவர்களில் 9 சதவீதம். கணிப்பு பலித்தது. ஆனால் அந்த 216 பேரில் 209 பேரைப் பிரித்து ஒரு பிரிவுக்கு ஸ்பைரனோலாக்டோன் 25 மி.கி. கொடுத்ததில் தெளிவான பயன் இல்லை. கணிக்கத் தெரிவது ஒன்று, கணித்தவரைக் காப்பாற்றும் மருந்து கையில் இருப்பது வேறு. அந்த ஆய்வு தொடங்கியபோது எஸ்.ஜி.எல்.டி.2 மருந்துகள் (டபாக்ளிஃப்ளோசின் வகை) இந்த இடத்துக்கு வரவில்லை. இப்போதைய மருந்துகளோடு அதே வடிவத்தில் திரும்பச் செய்தால் முடிவு வேறாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. கணிப்பு மட்டும்தான்.

மதிப்பெண் சூத்திரம் வேண்டுமென்றால் இலவசமாகவே உண்டு. சிறுநீரகச் செயலிழப்பைக் கணிக்க எல்லோரும் தட்டிப் பார்க்கும் கே.எஃப்.ஆர்.இ. சூத்திரம் ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழ் உள்ளவர்களுக்கானது, இவருக்குப் போடாதீர்கள். போட்டால் ஏதோ ஒரு சின்ன எண் வரும், அதற்குப் பொருளில்லை. 60-க்கு மேல் உள்ள சர்க்கரை நோயாளிக்கு, மூன்றாண்டுக்குள் ஜி.எஃப்.ஆர். 40 சதவீதம் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு சி.கே.டி. ப்ரோக்னோசிஸ் கன்சார்ஷியம் 2022-இல் வெளியிட்டது. வயது, பி.பி., ஹெச்.பி.ஏ.1.சி, ஏ.சி.ஆர்., இன்சுலின், இதய நோய் என்று நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் விவரங்களே போதும். எந்தப் புதிய புரதமும் இந்த அடிப்படையோடு ஒப்பிட்டுத்தான் தன்னை நிரூபிக்க வேண்டும். "வயதும் பாலினமும் மட்டும் வைத்ததைவிட நன்றாகக் கணிக்கிறது" என்று ஒரு கட்டுரை சொன்னால் அடுத்த பக்கம் புரட்டுங்கள்.

பதில் 6: குளோமெருலஸ்

அப்போது கதை இப்படி: ஃபீனோஃபைப்ரேட் பத்து மாதம், டபாக்ளிஃப்ளோசின் எட்டு மாதம், புது லேப். மூன்றும் போன ஆண்டின் 0.8-க்கும் இப்போதைய 0.9-க்கும் நடுவில் வந்திருக்கின்றன. எனக்கு இது சிறுநீரக நோயாகவே தெரியவில்லை. ஆனால் 0.7-லிருந்து 0.8 போனதற்கு இவை எதுவும் காரணமல்ல என்பதால் கோப்பை மூடவும் மாட்டேன்.

செய்ய வேண்டியது: ட்ரைகிளிசரைடு இப்போது எவ்வளவு என்று பார்த்து, 500-ஐ நெருங்கவில்லை என்றால் ஃபீனோஃபைப்ரேட்டை நிறுத்தி 8 வாரம் பொறுங்கள். டபாக்ளிஃப்ளோசினைத் தொடாதீர்கள். பிறகு பழைய லேப்பில் கிரியாட்டினின், சிஸ்டாட்டின், ஏ.சி.ஆர். ஒரே நாளில். ஃபீனோஃபைப்ரேட் ஓடும்போதே சிஸ்டாட்டின் எடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்த மாத்திரையில் சிஸ்டாட்டினும் சற்று ஏறுவதுண்டு. நிறுத்திய பின் எடுத்தால் குழப்பமில்லை.

சேர்த்த சூத்திரத்தில் 80-க்கு மேல் வந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 60 முதல் 80 எனில் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டு. சரிவு என்பது குறைந்தது நாலைந்து அளவீடுகள் இருந்தால்தான் சரிவு. 60-க்குக் கீழ் வந்தால் மூன்று மாதம் கழித்து உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள், வடமத்தி டொக்டர் சொன்ன ஸ்கேன், மைக்ரோஸ்கோப் முடிவுகளோடு.

மகனிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு: டி.என்.எஃப். ரிசெப்டார் உயர்ந்து வந்தால் நீங்கள் என்ன மாற்றுவீர்கள்? டபாக்ளிஃப்ளோசின் ஏற்கெனவே ஓடுகிறது. டெல்மிசார்டானை 80 ஆக்கி, பி.பி.-யை 130-க்குக் கீழ் கொண்டுவருவது எப்படியும் செய்ய வேண்டியது, அதற்குப் பயோமார்க்கர் தேவையில்லை. ஃபினெரினோன் மருந்துக்கான பெரிய ஆய்வுகள் ஏ.சி.ஆர். 30-க்கு மேல் உள்ளவர்களிடம் நடந்தவை. செமாக்ளூடைடு மருந்தின் ஃப்ளோ ஆய்வு (2024) ஏ.சி.ஆர். 100-க்கு மேல் உள்ளவர்களை எடுத்தது. ஆக, இவருடைய இப்போதைய நிலையில் அந்தச் சோதனை எந்தக் கதவையும் திறக்காது. உயர்ந்து வந்தால் பயம் மட்டும் மிஞ்சும். குறைந்து வந்தால் இன்னும் மோசம், பி.பி. மாத்திரையை விட்டுவிடுவார்கள்.

இதில் எனக்கும் புள்ளி_விவரம் மேடத்துக்கும் சின்னக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஏ.சி.ஆர். 30 முதல் 300, ஜி.எஃப்.ஆர். 50 முதல் 70 உள்ள ஆளுக்கு, மேலே சொன்ன நாலு மருந்தையும் உடனே வாங்கிப் பயன்படுத்த வசதியில்லாத நிலையில், யாருக்கு முதலில் எது என்று தீர்மானிக்க அந்தப் புரதங்கள் நாளை உதவும் என்று நம்புகிறேன்.

பதில் 7: புள்ளி_விவரம்

கருத்து வேறுபாடு இல்லை சார். அந்த நடுப்பிரிவில்தான் பயன் இருக்கிறது. ஆனால் நம் மக்களின் ரத்தத்தில் அளந்து, நம் மக்களிடம் பலித்ததா என்று சரிபார்த்த எல்லை எண் வேண்டும். பாஸ்டனின் எல்லையை மதுரைக்குக் கொண்டுவந்தால் யார் ஆபத்தில் இருக்கிறார் என்ற வரிசை ஓரளவு சரியாக இருக்கும், சதவீதம் தவறாக இருக்கும்.

பதில் 8: பயோகெம்_மேசை

லேப்புக்கு அனுப்பும் சீட்டில் என்ன எழுதுவது என்று மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

"கிரியாட்டினின், என்சைம் முறை, இரண்டு தசமம்." லேப் ஜாஃபே மட்டும் செய்தால் அதே லேப்பில் அதே முறையிலேயே தொடருங்கள், முறையை மாற்றுவதைவிட அது மேல். "சிஸ்டாட்டின் சி" என்று எழுதும்போது அவர்களுடைய கிட் இ.ஆர்.எம்.-டி.ஏ.471 தரக்கல்லோடு இணைக்கப்பட்டதா என்று ஒருமுறை கேளுங்கள். 2010-இல் வந்த தரக்கல் அது, இப்போதைய சூத்திரங்கள் எல்லாம் அதை நம்பியே எழுதப்பட்டவை. இணைக்கப்படாத பழைய கிட் என்றால் எண் வரும், சூத்திரத்தில் போட முடியாது. சிஸ்டாட்டினைப் பெரும்பாலும் கலங்கல் அளந்துதான் கணிக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாகி சீரம் பால் மாதிரி இருந்தால் தவறு வரும். ஃபீனோஃபைப்ரேட்டை நிறுத்தப் போகிறீர்கள் என்பதால் இவருக்கு இது முக்கியம்: வெறும் வயிற்றில், காலையில் எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் லேப் கணக்கிட்டுத் தரும் இ.ஜி.எஃப்.ஆர்.-ஐ அப்படியே எடுக்காதீர்கள். எந்தச் சூத்திரம் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். 2009, 2021, எம்.டி.ஆர்.டி. மூன்றும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கிரியாட்டினினை வைத்து நீங்களே ஒரே சூத்திரத்தில் பழையதையும் புதியதையும் போட்டு எழுதிவையுங்கள்.